பெருமாளின் சுவரில் நான்கு விரல் ஈரம்

2023ஆம் ஆண்டு ஜூன் 14, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மழை. அன்றோடு பதினோராவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் டிக்கோயாப் பக்கம் போய் இறங்கி, தேயிலைக்கு நடுவே நடந்து, ஒரு லயத்தின் வாசலில் குடையை மடக்கினேன். மடக்கிய நேரம்தான் மேலே இருப்பது.

இப்படிக் குறித்துவைப்பது என் பழக்கம். இதே தொழிலில் இருக்கும் உங்களில் சிலர் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். முப்பத்தொன்பது வருஷம் டைல் பதித்தேன். இப்படிக் குறித்து நிரப்பிய கொப்பி பதினேழு இருக்கிறது. வேலையை விட்ட பிறகு நான் எடுத்துப் பார்ப்பது கடைசிக் கொப்பியின் இருபத்தாறு பக்கங்களை மட்டும்தான். சிமெந்துப் பலகை அடித்து அதன்மேல் டைல் பதிப்பது எப்படி என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது போன் பண்ணுகிறீர்கள். எப்படி அடிப்பது என்பது பலகையோடு வரும் தாளில் படம் போட்டு இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் எவனும் அடித்துவிடலாம். அந்தத் தாளில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்வதால் யாருக்காவது உதவும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. அங்கே பன்னிரண்டு. ஏழாவது காம்பராவில் மாரியாயி இருந்தார். வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவர், வலது முழங்கால் மடங்காது. பொதுக் கக்கூஸ் லயத்துக்குக் கீழே இருந்தது. நாற்பத்து மூன்று படி, கைப்பிடி கிடையாது. மகள் செல்வராணி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அம்மாவுக்குக் காம்பராவுக்குள்ளேயே ஒரு குளியலறையும் கக்கூஸும் கட்டவேண்டும் என்று நான்கு வருஷம் சேர்த்துக்கொண்டு இருபத்தொரு நாள் லீவில் வந்திருந்தாள்.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நினைத்தபடி கட்ட முடியாது. மலையைக் கவனிக்கும் உத்தியோகத்தரைத் தோட்டத்தில் கண்டாக்கு என்பார்கள். அவர் வழியாக ஆபீசில் அனுமதி வாங்கவே செல்வராணிக்குப் பன்னிரண்டு நாள் போய்விட்டது. கிடைத்த கடிதத்தில் மூன்று நிபந்தனைகள். கல்லோ செங்கல்லோ வைத்துக் கட்டக்கூடாது. எப்போது சொன்னாலும் கழற்றும்படி இருக்கவேண்டும். பக்கத்துக் காம்பராவுக்கும் பொதுவான சுவரில் தண்ணீர் படக்கூடாது. அதனால்தான் மரச்சட்டமும் சிமெந்துப் பலகையும். வெளிநாட்டில் பெரிய வீடுகளுக்கு அடிக்கிற சாமானை நாம் லயத்துக்கு அடித்தது, செங்கல் வைக்க அனுமதி இல்லாத காரணத்தால்தான்.

அந்த லயத்தில் இன்னும் ஐந்து குடும்பம் இப்படிக் கட்டக் கேட்டிருந்தது. ஏழாம் காம்பராவில் எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் மற்றவர்களுக்கு என்று கண்டாக்கு சொல்லியிருந்தார்.

செல்வராணியின் விமானம் ஜூன் 23, வெள்ளிக்கிழமை. எனக்கு இருந்தது முழுதாக ஒன்பது நாள். போவதற்கு முன்னால் அம்மாவை அந்த அறையில் உட்காரவைத்துத் தன் கையால் குளிப்பாட்டவேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது.

"எனக்கு எதுக்குங்க பாஸ் இந்த மாளிக?" என்றார் மாரியாயி முதல் நாளே. எங்கள் பக்கம் கொத்தனாரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "தொரைக்கு வெசயம் தெரிஞ்சா குளிக்க இங்க வந்துறப் போறாரு."

"வரட்டும் ஆத்தா. தலைக்கு அம்பது ரூவா வாங்கிட்டு உள்ள விடு," என்றாள் செல்வராணி.

வியாழக்கிழமை மதியத்துக்குள் சட்டம் நிறுத்திப் பலகைகளை அடித்துவிட்டேன். திருகாணி இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவே எட்டு அங்குலம், ஒன்றுகூடத் தவறவில்லை. பலகை தரையில் உட்காரக்கூடாது. அடியில் அரை அங்குல இடைவெளி விட்டு, அதைச் சிலிக்கன் வைத்து அடைக்கவேண்டும். மரச்சட்டம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். தரை அசையாது. இரண்டுக்கும் நடுவே இளகிக் கொடுக்கும் ஒன்று வேண்டும். இது எனக்குத் தெரியும். அன்றும் தெரிந்திருந்தது. உடைந்த டைல் துண்டுகளை அடியில் முட்டுக்கொடுத்துத்தான் பலகையை நிறுத்தினேன்.

எட்டாம் காம்பராவில் இருந்த பெருமாள் வேலை விட்டு வந்து எட்டிப் பார்த்தார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். கொழுந்தை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தே இன்னும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"என்னங்க பாஸ், செவரு காத்துல நிக்கிது?"

"எலி குடும்பம் நடத்துறதுக்கு வாசல் விட்டிருக்காரு," என்றார் மாரியாயி. "கெரகப் பிரவேசம் மொதல்ல அதுக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. முப்பத்தொன்பது வருஷத்தில் பெரும்பகுதி செங்கல் சுவரில் வேலை செய்தவனுக்குச் சுவருக்குக் கீழே சந்து தெரிவது மானக்கேடு மாதிரி.

"கோவிச்சுக்காதீங்க பாஸ், அது அப்புடியேதான் தெறந்து கெடக்குமா?" என்று கேட்டாள் செல்வராணி.

"இல்லம்மா. சிலிக்கன் வச்சு அடைக்கணும். ஹட்டன்ல மூணு கடையில கேட்டேன், இல்ல. கண்டியில இருந்து திங்கக்கெழமதான் வருமாம்."

"திங்களா? நான் வெள்ளிக்கெழம போகணுமே."

திங்கட்கிழமைவரை காத்திருந்தால் பூச்சும் டைலும் அவள் போகும் முன் முடியாது. நானே கண்டிக்குப் போய் வாங்கிவரலாம். போக வர ஒரு நாள். அந்த மழையில் நீர்புகாப் பூச்சு ஒரு கை காயவே இரண்டு நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு கைக்கு நான்கு நாள். ஒரு நாளை விட்டால் எல்லாம் சரியும் என்று கொப்பியில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது. அதுதான் கேடு. அப்படிக் கணக்குச் சரியாக வந்தால் மனிதன் அதை நம்பிவிடுகிறான்.

நாலு மணிக்குச் சாந்து குழைத்து அந்தச் சந்தை அடைத்துவிட்டேன். கரணையால் தேய்த்து மட்டம் பார்த்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது.

"இப்பத்தான் செவரு மாதிரி இருக்கு," என்றார் மாரியாயி.

அதன் பிறகு நடந்த வேலையைச் சொல்லவேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை மாலை டைல் இடுக்குகளை அடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்தேன். வடிகாலை அடைத்து, தரையில் ஒரு நாள் தண்ணீர் நிறுத்தி, பக்கத்துச் சுவரையும் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பது என் வழக்கம். அதற்கு நாள் இல்லை. முதல் குளியல் புதன்கிழமை.

ஜூன் 22, வியாழன், காலை ஒன்பதேகால். என் சாமான்களை எடுக்கப் போயிருந்தேன். பெருமாள் தன் வாசலிலிருந்து விரலால் கூப்பிட்டார். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. அவர் காம்பராவுக்குள் போனேன். பொதுச்சுவர் ஓரமாக ஒரு அரிசி மூட்டையும், பரீட்சை எழுதப் போகும் அவர் மகளின் புத்தகப் பெட்டியும் இருந்தன. பெட்டியை நகர்த்திக் காட்டினார். சுவரின் அடியில் ஒரு கறுப்பு. கையை வைத்து அளந்தேன். உயரம் நான்கு விரல். நீளம் ஒன்றரைச் சாண்.

"மழ ஈரம் பெருமாள்," என்றேன். "ஜூன் மாசத்துல இங்க எந்தச் செவரு காஞ்சிருக்கு?"

"மழ ஈரம்னா மேல கூரையில இருந்து எறங்கும்ங்க பாஸ். இது கீழ இருந்துல்ல ஏறுது."

 சாந்து வெடித்திருக்கிறது, தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிற்பாடுதான் புரிந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லமாட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒன்பது அங்குல மண்சுவர், கூரைவரை எட்டாது. பேசுவது முழுக்கக் கேட்டது.

"போதும்டி, தோலு உரிஞ்சிறப் போகுது."

"கொழுந்துக் கறை ஆத்தா. முப்பத்தெட்டு வருசத்துக் கறை. ரெண்டு நாள்ல போயிருமா?"

"அது போகாது. என்னோட சேத்துப் பொதச்சிருங்க."

"பேசாம இரு. கண்ண மூடு, சவுக்காரம் போட்டுறேன்."

"ஏய், சுடுதண்ணி! கோழியா உரிக்கிற?"

பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிற்கும்வரை நான் கையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். கீழ்வரிசை டைல் பதினான்கைக் கழற்றவேண்டும், சந்தை உடைத்துச் சிலிக்கன் வைக்கவேண்டும், ஆறு நாள் தண்ணீர் படக்கூடாது என்று. அவள் மறுநாள் போகிறாள். அவளுடைய இருபத்தொரு நாளில் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு நாள்தான். அதை நான் கெடுக்கவேண்டாம் என்று நினைத்தேன். அவள் விமானம் ஏறியதும் அடுத்த வாரமே வந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றும் நினைத்தேன். என் வேலையில் பிழை வந்ததை ஒரு வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாததும் ஒரு காரணம். மூன்றில் எது எத்தனை பங்கு என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

"தரையில இருந்தும் ஏறும் பெருமாள். மழக்காலம் முடிஞ்சா எறங்கிரும்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொன்னாச் சரிங்க பாஸ்."

அடுத்த வாரம் நுவரெலியாவில் ஒரு விடுதி வேலை வந்தது. பதினொரு குளியலறை. போய்விட்டேன். ஜூலை 9 பெருமாள் போன் பண்ணினார்: "பாஸ், இப்ப ஆறு வெரலு." வருகிறேன் என்றேன். ஆகஸ்ட் 6 மறுபடியும்: "பாஸ், சாணுக்கு மேல போயிருச்சுங்க. ஆபீசுக்குச் சொன்னா கெழவியோட பாத்ரூம புடுங்கிருவாங்க. அதான் ஒங்கள்ட்ட மட்டும் சொல்றேன்." அதற்கும் வருகிறேன் என்றேன். அப்போது நான் விடுதியின் ஏழாவது குளியலறை வேலையில் இருந்தேன்.

ஆகஸ்ட் 31 காலை பொதுச்சுவரின் அடி இளகி, பெருமாள் பக்கம் இரண்டடி நீளத்துக்குச் சரிந்தது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. அரிசி போயிற்று. மகளின் புத்தகங்கள் சேற்றுக்குள். இனி மறைக்க முடியாது. கண்டாக்கு வந்து பார்த்து, குளியலறையைக் கழற்ற ஏழு நாள் கெடு எழுதிக்கொடுத்தார். பெருமாள் போனில் சொன்னதும் நான் நுவரெலியாவிலிருந்து ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"தப்பு என்னுதுங்க சேர். பலகைல தப்பு இல்ல, அந்தம்மா மேலயும் தப்பு இல்ல. என் செலவுல செவரையும் கட்டித் தாறேன், கீழ அர அங்குலத்தையும் திருத்தித் தாறேன்."

"கடிதாசியில மூணாவது வரி என்ன பாஸ்? நீங்க படிச்ச ஆளுதானே."

"தண்ணி படக்கூடாதுன்னு."

"செவர் விழுந்திருக்கு. இத நான் விட்டேன்னா நாளைக்கி ஒரு புள்ள மேல விழும், அப்ப என்னயத்தான் கேப்பாங்க. கழட்டிருங்க." குடையை விரித்துக்கொண்டு சொன்னார்: "மத்த அஞ்சு பேரோட விண்ணப்பத்தையும் ஆபீஸ்ல திருப்பியாச்சு."

அந்த ஐந்து பேரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.  அதில் ஒரு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செப்டம்பர் 7, நானே கழற்றினேன். வேறு யாரையும் விடவில்லை. பலகைகளைத் திருப்பிப் பார்த்தேன். அடியிலிருந்து பதினொரு அங்குலம் வரை ஈரம், சட்டத்தின் கால் கறுத்து நகத்துக்கே உதிர்ந்தது. அதற்கு மேலே முழுவதும் அடித்த அன்று இருந்தபடி சுத்தம். இருநூற்றுப் பன்னிரண்டு திருகாணியில் ஒன்றுகூட அசையவில்லை.

மாரியாயி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க பாஸ். எழுபது நாளு தொரசாணி மாதிரி இருந்துட்டேன்."

எழுபத்தொன்று. முதல் குளியலிலிருந்து சுவர் சரிந்ததுவரை நாள் அதுதான். நான் திருத்தவில்லை.

பெருமாளின் சுவரைக் கட்டிக்கொடுத்தேன். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை போனேன். மழை. மாரியாயி எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினார். கை மெலிந்து, உதடு வெடித்திருந்தது.

"ஒங்களுக்கு ஊத்தலையா?"

"குடிச்சா எறங்கணும்ல பாஸ். நாப்பத்து மூணு படி. காலைல ஒரு தடவ பெருமாள் பொஞ்சாதி கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போறா. அதுக்கு மேல அவள தொந்தரவு பண்ண முடியுமா? அதான் காலைல அரக் கோப்ப, ராத்திரி சோத்தோட ஒரு மொடக்கு. பழகிருச்சு."

"செல்வராணிக்குத் தெரியுமா?"

"சொல்லித் தொலைச்சிறாதீங்க. வேலைய விட்டுட்டு வந்து நிப்பா."

ஐம்பது வருஷமாகத் தேயிலைக்கு நடுவே வாழ்ந்த ஒரு மனுஷி ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குப் பயப்படும்படி நான் செய்துவைத்திருந்தேன். அந்தக் கோப்பையை நான் குடித்து முடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஹட்டனில் நடுவில் துளையும் அடியில் வாளியும் உள்ள ஒரு நாற்காலியை வாங்கி, வேன் வைத்துக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜூன் மாதமே இது என் புத்தியில் வந்திருக்கலாம். யார் புத்தியிலும் வரவில்லை, அப்போது டைலில் பூ இருக்கவேண்டுமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஒன்பது நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் காய்ச்சல். டிக்கோயா ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டுவிட்டது, நீண்ட நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்றார்கள். நவம்பர் 4 மாரியாயி போய்விட்டார். செல்வராணிக்கு அந்த வருஷத்து லீவு முடிந்திருந்தது. அடக்கத்தைப் பெருமாளின் போனில்தான் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து எனக்கு அழைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாஸ், நான் போறதுக்கு மொத நாளே பெருமாள் அண்ணன் ஒங்கள்ட்ட காட்டினாராமே?"

"ஆமாம்மா."

"நான் அப்ப பக்கத்துலதானே இருந்தேன்."

"ஆமா. ஆத்தாவ குளிப்பாட்டிக்கிட்டு இருந்த. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு மனசு வரல."

 லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"சொல்லியிருந்தீங்கன்னா நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா பாஸ்? 'சரி பாஸ், நான் போன பெறகு ஒடச்சுச் செய்ங்க'ன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் பாஸ். அவ்வளவுதான்."

வைத்துவிட்டாள்.

அந்த டிசம்பரோடு வேலையை நிறுத்தினேன். கண் மங்கிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் சுவரில் ஈரத்தைக் கண்டால் மழை என்று சொல்ல ஒரு நொடி போதும், கேட்பவனும் தலையாட்டிவிடுவான், வருஷத்தில் ஆறு மாதம் அது உண்மையாகவும் இருக்கும். அதனால் அந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே இருக்கிறது. உங்கள் நாக்கிலும் இருக்கிறது. கீழிருந்து ஏறுகிறதா, மேலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். கீழிருந்து ஏறினால், உள்ளே யார் சிரித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டிச் சொல்லிவிடுங்கள். சொல்லமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்லவில்லையே.

பெருமாளின் சுவருக்கும் அரிசிக்கும் புத்தகங்களுக்கும் ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு. செல்வராணி வாங்கிய பலகைக்கும் டைலுக்கும் மற்றச் சாமானுக்கும் ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூறு. நான் வாங்கிய கூலி நாற்பத்தைந்தாயிரம். இந்த இரண்டையும் அவள் கணக்குக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பவில்லை, வந்தது என்றும் சொல்லவில்லை. வேன் நான்கு தடவை, நாற்காலி கொண்டுபோனதும் கடைசியாக மாரியாயி ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்கு வந்ததும் சேர்த்து, பதினெட்டாயிரம். ஒன்பது நாள் பாவித்த நாற்காலி பதினாலாயிரத்து ஐந்நூறு. மொத்தம் இரண்டு இலட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு ரூபா.